பழைய கம்ப்யூட்டரில் ஹார்டு டிஸ்க்குக்குப் பார்ட்டிஷன் போடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய சிஸ்டத்தை இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். பக்க வடிவமைப்புக்கான பேஜ்மேக்கரையும் யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களையும் விட முடியாத அச்சகங்கள், விண்டோஸுக்கு முந்தைய டாஸில் மட்டுமே ஓடும் மென்பொருளோடு வாங்கிய தொழிற்கூட மெஷின்கள், ஆசைக்காகப் பழைய பென்டியத்தைத் தூசி தட்டுகிறவர்கள் என்று பலர். இவர்களில் யாருக்கு டிஸ்க் போனாலும், புது டிஸ்க்குக்குப் பார்ட்டிஷன் போடும்போது, அதாவது அதை சி, டி என்று தனித்தனிப் பகுதிகளாகப் பிரிக்கும்போது, வருகிற சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். என்னிடம் கேட்கப்பட்டவற்றையும், நானே மாட்டிக்கொண்டு விழித்தவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

‘பழைய’ என்றால் எவ்வளவு பழையது?

486-இல் தொடங்கி பென்டியம் 4, கோர் 2 டுயோ வரை. ஓஎஸ் (ஆப்பரேட்டிங் சிஸ்டம்) கணக்கில் டாஸ் 6.22 முதல் விண்டோஸ் எக்ஸ்பி வரை. பயாஸ் என்பது மெஷின் ஆன் ஆனதும் முதலில் ஓடும், மதர்போர்டிலேயே இருக்கும் நிரல். அதற்குப் பதிலாகப் பின்னால் வந்த யூஇஎஃப்ஐ உள்ள மெஷின் வைத்திருந்தால் இந்தப் பக்கம் உங்களுக்குத் தேவைப்படாது.

டிஸ்க்கில் நான்கு கோடு போடுவதுதானே பார்ட்டிஷன்? இதில் ஒத்துப்போவது, ஒத்துப்போகாதது என்று என்ன இருக்கிறது?

கோடு போடுவது சுலபம்தான். போட்ட கோட்டை எல்லாரும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டும், அங்கேதான் சிக்கல்.

டிஸ்க் செக்டர் என்ற சின்னத் துண்டுகளாகப் பிரிந்திருக்கும். அதன் முதல் செக்டர் 512 பைட். அதற்கு எம்பிஆர் என்று பெயர். அதில் 446 பைட் ஓஎஸ்ஸை எழுப்பும் பூட் நிரலுக்குப் போய்விடும். அடுத்த 64 பைட்டில் நான்கு பார்ட்டிஷன்களின் விவரம், ஒன்றுக்கு 16 பைட். கடைசி 2 பைட் அடையாள முத்திரை. 1983-இல் பிசி டாஸ் 2.0-வோடு வந்த ஏற்பாடு இது. நான்கு பிரைமரி பார்ட்டிஷனுக்கு மேல் முடியாது, மேலும் வேண்டுமென்றால் ஒன்றை எக்ஸ்டெண்டட் ஆக்கி அதற்குள் லாஜிக்கல் டிரைவ்களை அடுக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு இங்கிருந்துதான் வருகிறது.

அந்த 16 பைட்டுக்குள் ஒரு பார்ட்டிஷன் எங்கே தொடங்குகிறது என்பது இரண்டு விதமாக எழுதப்பட்டிருக்கும். ஒன்று, எந்த வட்டத்தடம் (சிலிண்டர்), எந்தப் படிக்கும் தலை (ஹெட்), அதில் எந்தச் செக்டர் என்று சொல்லும் பழைய முறை. மற்றது முதல் செக்டரிலிருந்து வரிசையாக எண்ணும் எல்பிஏ முறை. நிலம் ஒன்றேதான், ஒருவர் குழியில் அளக்கிறார், இன்னொருவர் சென்ட்டில் அளக்கிறார். புது மென்பொருள் இரண்டாவது எண்ணை மட்டும் பார்க்கும். பழைய டாஸ் முதல் எண்ணை நம்பும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் ஒரு மெஷினில் நன்றாகத் தெரிகிற டிஸ்க் இன்னொரு மெஷினில் காலியாகத் தெரியும்.

ஆக, பயாஸ், டிஸ்க், பார்ட்டிஷன் மென்பொருள், ஓஎஸ் என்று நான்கு பேர் ஒரே கணக்குக்கு வர வேண்டும். பார்ட்டிஷன் மென்பொருள் ஒரு நாள் வந்துவிட்டுப் போகிற ஆள். அந்த டிஸ்க்கோடு தினமும் குடித்தனம் நடத்தப் போவது பழைய ஓஎஸ். அதன் சொல்படிதான் கோடு போட வேண்டும். கீழே வரும் பதில்களில் பாதி இதிலிருந்து வருபவைதான்.

40 ஜிபி டிஸ்க்கை மாட்டினால் மெஷின் ஆன் ஆகும்போதே நின்றுவிடுகிறது. பார்ட்டிஷன் போடும் எஃப்டிஸ்க் வரைக்கும்கூடப் போக முடியவில்லை. டிஸ்க் போச்சா?

டிஸ்க் நன்றாக இருக்கும். இது பயாஸின் வரம்பு.

எனக்குத் தெரிந்த ஒரு அச்சகத்தில் நடந்தது. விண்டோஸ் 98 மெஷின், 4 ஜிபி டிஸ்க் ‘டிக் டிக்’ என்று அடிக்க ஆரம்பித்துவிட்டது. உரிமையாளர் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் தேடி ஒரு 40 ஜிபி ஐடிஇ (பழைய அகலக் கேபிள் வகை) டிஸ்க் வாங்கி வந்தார். மாட்டி ஆன் செய்தால் திரையில் டிஸ்க்கைத் தேடும் வரியோடு அப்படியே உறைந்து நிற்கிறது. டெலிட் கீயை அழுத்தி பயாஸுக்குள் போகக்கூட விடவில்லை. ‘டூப்ளிகேட்டைக் கட்டிவிட்டான்’ என்று கடைக்காரரைத் திட்டத் தொடங்கியிருந்தார். டிஸ்க்கின் மேல் ஒட்டியிருந்த லேபிளைப் பார்த்தேன். மாஸ்டர், ஸ்லேவ் ஜம்பர் (இரண்டு பின்களை இணைக்கும் சின்னத் தொப்பி) படங்களுக்குக் கீழே, கொள்ளளவைக் குறைத்துக் காட்ட இன்னொரு ஜம்பர் நிலை போட்டிருந்தது. பழைய சிடி டிரைவிலிருந்து ஒரு ஜம்பரை உருவி அங்கே செருகியதும் மெஷின் டிஸ்க்கை 32 ஜிபி என்று எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டது. 8 ஜிபி நஷ்டம்தான். 4 ஜிபியில் இருந்தவருக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை.

1999-க்கு முந்தைய பல அவார்டு பயாஸ்களில் இந்தக் கோளாறு உண்டு. 65,535 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர் என்று பெருக்கினால் வருகிற 33.8 ஜிபியைத் தாண்டினால் அதன் கணக்கு உடைந்துவிடும். மதர்போர்டுக்குப் புதிய பயாஸ் கிடைத்தால் அதை ஏற்றலாம். ஆனால் இருபது வருடத்துக்கு மேலான போர்டில் பயாஸ் எழுதும்போது கரண்ட் போனால் போர்டே போச்சு. எனக்கு ஜம்பர் வழிதான் பிடிக்கும்.

இப்படி வேறு என்னென்ன வரம்புகள் இருக்கின்றன?

வயது வரிசையில் சொல்கிறேன். முதல் பெரிய சுவர் 528 எம்பி. பயாஸ் 1,024 சிலிண்டர் வரைதான் எண்ணும், ஐடிஇ 16 ஹெட் வரைதான் எண்ணும். இரண்டில் சின்னதைச் சின்னதோடு பெருக்கினால் கிடைப்பது அவ்வளவுதான். 486 மெஷின்களில் இதை இன்றும் பார்க்கலாம். சில பயாஸ்களில் 4,096 சிலிண்டரில் இன்னொரு தடை, அதனால் 2.1 ஜிபியில் நின்றுவிடும்.

அடுத்தது 8.4 ஜிபி. பயாஸ் ஹெட் எண்ணிக்கையை 255 வரை ஏற்றிக் காட்டி சமாளித்தது, அந்தத் தந்திரமும் இங்கே தீர்ந்துவிட்டது. இதற்குப் பிறகு சிலிண்டர் கணக்கையே விட்டுவிட்டு எல்பிஏ கேட்கும் புதிய பயாஸ் அழைப்புகள் வந்தன. எம்எஸ் டாஸ் 6.22-க்கு அந்த அழைப்புகள் தெரியாது. பயாஸ் எவ்வளவு புதிதாக இருந்தாலும் 6.22 அந்த 8.4 ஜிபியோடு நின்றுவிடும். அதற்குள்ளும் கோப்புகளை அடுக்கும் முறை ஃபேட் 16 என்பதால் ஒரு பார்ட்டிஷன் 2 ஜிபியைத் தாண்டாது.

அப்புறம் மேலே சொன்ன 33.8 ஜிபி. அதற்கு மேல் 137 ஜிபி. எம்பிஆர் முறையின் கடைசிச் சுவர் 2.2 டிபி, செக்டர் எண்ணை எழுத 32 பிட்தான் இடம் இருக்கிறது.

80 ஜிபி டிஸ்க்கை விண்டோஸ் 98-இன் எஃப்டிஸ்க் 10 ஜிபி என்று காட்டுகிறது. பயாஸில் சரியாக 80 என்றுதான் இருக்கிறது. ஏன்?

எஃப்டிஸ்க்கின் பிழை. 64 ஜிபிக்கு மேல் அதற்கு எண்ணத் தெரியாது. 64-ஐக் கழித்துவிட்டு மிச்சத்தைச் சொல்லும். 80 ஜிபி டிஸ்க் என்பது கம்ப்யூட்டர் கணக்கில் 76,319 எம்பி. அதில் 65,536 போனால் மிஞ்சுவது 10,783. நீங்கள் பார்க்கிற 10 ஜிபி அதுதான்.

மைக்ரோசாஃப்ட் இதற்காகத் திருத்திய எஃப்டிஸ்க் ஒன்றை வெளியிட்டது. அது கிடைத்தால் பூட் ஃப்ளாப்பியில் பழையதை எடுத்துவிட்டு அதைப் போட்டுக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால், பார்ட்டிஷனின் அளவு கேட்கும்போது எம்பியில் தராமல் சதவீதத்தில் கொடுங்கள். 50 என்று எழுதி சதவீதக் குறி போட்டால், திரையில் என்ன எண் தெரிந்தாலும் டிஸ்க்கில் பாதியை எடுத்துக்கொள்ளும். ஃபார்மேட் கட்டளையும் இதே மாதிரி தப்பான அளவைக் காட்டும். பயப்பட வேண்டாம், அது காட்டுவதில் மட்டும்தான் பிழை. ஃபார்மேட் முழுதாக நடக்கும்.

இன்னொன்று. எஃப்டிஸ்க் திறந்தவுடன் பெரிய டிஸ்க்குக்கான ஆதரவு வேண்டுமா என்று ஒரு நீளமான பத்தி வரும். யாரும் படிக்காமல் ‘என்’ (N) கீயை அழுத்திவிடுகிறார்கள். அது ஃபேட் 32 வேண்டுமா என்று கேட்கிறது. ‘ஒய்’ (Y) அழுத்தாவிட்டால் எத்தனை ஜிபி டிஸ்க் போட்டாலும் 2 ஜிபிக்கு மேல் ஒரு டிரைவ் வராது. ‘98-இல் 2 ஜிபிதான் எடுக்குது சார்’ என்று வருகிற புகார்களில் பெரும்பாலானவை இந்த ஒரு எழுத்தால் வந்தவை.

எக்ஸ்பி மெஷினில் 160 ஜிபி போடலாமா?

போடலாம், சர்வீஸ் பேக் 1 அல்லது அதற்குப் பிந்தைய எக்ஸ்பி என்றால் மட்டும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்கப் போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

பழைய ஐடிஇ முறையில் செக்டர் எண்ணுக்கு 28 பிட். 512 பைட்டால் பெருக்கினால் 137 ஜிபி. அதைத் தாண்ட 48 பிட் முறை வந்தது. 2001-இல் வந்த முதல் எக்ஸ்பிக்கு அது தெரியாது. 2002-இல் வந்த சர்வீஸ் பேக் 1-இல்தான் சேர்ந்தது. விண்டோஸ் 2000 என்றால் சர்வீஸ் பேக் 3-இலிருந்து, அதுவும் ரெஜிஸ்ட்ரியில் தனியாக இயக்கினால்தான். விண்டோஸ் 98-க்கு மைக்ரோசாஃப்ட் கடைசிவரை தரவே இல்லை.

காலி டிஸ்க்கில் முதல் எக்ஸ்பி சிடியை வைத்துப் போட்டால் ஆபத்தில்லை. நிறுவும் நீலத் திரையில் 1,31,000 சொச்சம் எம்பி என்று காட்டிவிட்டு மீதியைக் கண்டுகொள்ளாது. ஆபத்து, புது மென்பொருள் முழு அளவுக்குக் கோடு போட்ட டிஸ்க்கில் பழைய எக்ஸ்பியை ஏற்றும்போதுதான். நான் இதில் விழுந்திருக்கிறேன். சி 40 ஜிபி, மீதி முழுவதும் டி. எக்ஸ்பி கெட்டுப்போனதும் மேஜையில் கிடந்த ஏதோ ஒரு சிடியை எடுத்து சி-யை மட்டும் மறுபடி போட்டேன். டி அப்படியே தெரிந்தது, கோப்புகள் எல்லாம் திறந்தன. இரண்டு வாரம் ஒரு குறையும் இல்லை. டி நிறைய நிறைய, ஒரு கல்யாண வீடியோவை அதில் நகல் எடுத்த அன்று மெஷின் மறுபடி பூட் ஆகவில்லை. 137 ஜிபியைத் தாண்டி எழுதச் சொன்னபோது பழைய டிரைவர் மேல் பிட்களை விட்டுவிட்டு டிஸ்க்கின் தொடக்கத்தில் போய் எழுதியிருக்கிறது. டியில் வீடியோ போய் விழ வேண்டிய இடத்துக்குப் பதிலாக சி-யின் தலையில் விழுந்துவிட்டது.

சிடியில் சர்வீஸ் பேக் எண் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முதல் பார்ட்டிஷனை 137-க்கு வெகு உள்ளே வைத்து எக்ஸ்பியைப் போட்டு, சர்வீஸ் பேக்கை ஏற்றி, அதன் பிறகே மிச்ச இடத்தைத் தொடுங்கள்.

பார்ட்டிஷன் மேஜிக் ஒன்றே போதும் என்று ஒரு காலத்தில் சொன்னார்களே. இன்றும் பயன்படுத்தலாமா?

98, 2000, எக்ஸ்பி மட்டுமே தொட்ட டிஸ்க் என்றால் தாராளமாக. பவர்குவெஸ்ட் நிறுவனம் செய்தது. 2003-இல் சிமாண்டெக் அதை வாங்கியது. 8.05 பதிப்போடு அது நின்றுவிட்டது. டேட்டா இருக்கும்போதே பார்ட்டிஷனைச் சுருக்கி நீட்டும் வசதியை வீட்டு மெஷின்களுக்குப் பழக்கியதே அதுதான். அந்த வகையில் எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு.

ஆனால் விஸ்டா அல்லது அதற்குப் பிந்தைய விண்டோஸ் கோடு போட்ட டிஸ்க்கை அதனிடம் காட்டாதீர்கள். எக்ஸ்பி வரை எல்லாரும் முதல் பார்ட்டிஷனை 63-ஆம் செக்டரில் தொடங்கினார்கள், சிலிண்டர் எல்லையில் முடித்தார்கள். விஸ்டாவிலிருந்து 2,048-ஆம் செக்டரில், அதாவது 1 எம்பியில் தொடங்குகிறார்கள். பார்ட்டிஷன் மேஜிக்குக்கு இது பிழையாகத் தெரியும். தொடக்கப் புள்ளி பொருந்தவில்லை, சரிசெய்யட்டுமா என்று பணிவாகக் கேட்கும். இல்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள். சரியாக இருப்பதைச் சரிசெய்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும்.

எக்ஸ்பியும் விண்டோஸ் 7-ம் ஒரே டிஸ்க்கில் இருக்கின்றன. எக்ஸ்பியிலிருந்து ஒரு டிரைவை அழித்தேன், மற்ற டிரைவ்களும் காணாமல் போய்விட்டன.

மேலே சொன்ன அதே 63, 2,048 தகராறு. லாஜிக்கல் டிரைவ்கள் ஒன்றுக்கொன்று சங்கிலியாகக் கோர்க்கப்பட்டவை. விண்டோஸ் 7 கோர்த்த சங்கிலியில் எக்ஸ்பியின் டிஸ்க் மேனேஜ்மென்ட் கை வைத்தால், அது தன் சிலிண்டர் கணக்கில் எழுதி சங்கிலியை அறுத்துவிடலாம். டேட்டா அங்கேயேதான் இருக்கும். உடனே டிஸ்க்கில் எதையும் எழுதாமல் நிறுத்திவிட்டு, கீழே டெஸ்ட்டிஸ்க் பற்றிய பதிலுக்குப் போங்கள். இனிமேல் அந்த மெஷினில் பார்ட்டிஷன் வேலை எல்லாவற்றையும் 7-இல் மட்டும் செய்யுங்கள்.

பார்ட்டிஷன் போடும் ஜிபார்ட்டெட் இலவசம்தானே, அதைப் பழைய மெஷினில் ஓட்ட முடியுமா?

முடியும், நான் அதிகம் பயன்படுத்துவதும் அதுதான். மூன்று இடத்தில் இடிக்கும்.

முதலில் ப்ராசசர். சிடியிலிருந்தே ஓடும் இப்போதைய 64 பிட் லைவ் பதிப்பு பென்டியம் 3-இல் தொடங்கவே தொடங்காது. 32 பிட் உள்ள பழைய பதிப்பைத் தேடி எடுங்கள். அதிலும் பிஏஇ (4 ஜிபிக்கு மேல் ரேமைத் தொடும் ப்ராசசர் வசதி) என்ற பெயரில் வருவதைத் தவிர்க்க வேண்டிய மெஷின்கள் உண்டு. சென்ட்ரினோ ஸ்டிக்கர் ஒட்டிய முதல் தலைமுறை லேப்டாப்களில் இருக்கும் பென்டியம் எம் சிப் தனக்கு பிஏஇ இருப்பதாகச் சொல்லாது, லினக்ஸ் அத்தோடு மறுத்துவிடும்.

அடுத்தது பூட். பென்டிரைவிலிருந்து பூட் ஆகத் தெரியாத மெஷினில் சிடிதான் கதி. சிடி டிரைவும் செத்திருந்தால் பிளாப் பூட் மேனேஜரை ஒரு ஃப்ளாப்பியில் எழுதி, அதன் வழியாகப் பென்டிரைவை எழுப்பலாம். யூஎஸ்பி 1.1 போர்ட் என்றால் விநாடிக்கு 1 எம்பி கணக்கில்தான் ஏறும். டீ குடித்துவிட்டு வரலாம்.

மூன்றாவது, எல்லாரும் தவறவிடுவது. புது பார்ட்டிஷன் உருவாக்கும் சாளரத்தில் ‘அலைன்’ என்று ஒரு பட்டியல் இருக்கும். தானாக அது எம்பி எல்லையில் நிற்கும். டாஸுக்கோ 98-க்கோ போடும்போது அதைச் சிலிண்டர் என்று மாற்றுங்கள். போட்டு முடித்த பிறகு, ‘இதிலிருந்து பூட் ஆகு’ என்று சொல்லும் பூட் கொடியை ஏற்ற மறந்தால், மெஷின் ஓஎஸ்ஸே இல்லை என்று சொல்லும்.

ரேம் 256 எம்பிக்குக் குறைவு என்றால் வரைகலைச் சாளரத்தோடு போராடாதீர்கள். டாஸ் ஃப்ளாப்பியில் அடங்கும் ரானிஷ் பார்ட்டிஷன் மேனேஜரோ, ஃப்ரீ டாஸோடு வரும் எஃப்டிஸ்க்கோ போதும்.

புது மெஷினில் யூஎஸ்பி அடாப்டர் வழியாக மாட்டிப் பிரித்துவிட்டு, பழையதில் செருகினால் என்ன?

எக்ஸ்பிக்கு ஓரளவு நடக்கும். டாஸ், 98-க்கு வேண்டாம்.

ஃபேட் பார்ட்டிஷனின் முதல் செக்டரில் ‘இந்த டிஸ்க்குக்கு இத்தனை ஹெட், இத்தனை செக்டர்’ என்று ஃபார்மேட் செய்த மெஷின் எழுதி வைக்கும். பூட் ஆகும்போது பழைய டாஸ் அதைத்தான் படிக்கும். உங்கள் பழைய பயாஸ் 255 ஹெட் என்று நினைக்கலாம்; சில ஐபிஎம் திங்க்பேட் மாதிரி 240 என்றும் நினைக்கலாம். யூஎஸ்பி அடாப்டர் வேறெதையோ சொல்லியிருக்கும். விளைவு: கோப்புகள் எல்லாம் இருக்கும், பூட் மட்டும் ஆகாது. அதனால் அவசரத்துக்கு நகல் எடுக்க அடாப்டர் சரி. கோடு போடுவதையும் ஃபார்மேட் செய்வதையும் அந்தப் பழைய மெஷினுக்குள் வைத்தே செய்யுங்கள்.

லினக்ஸ்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. இன்றைய லினக்ஸில் இஎக்ஸ்டி4 ஃபார்மேட் செய்தால் 2005 கால கர்னல் அதைத் தொடாது. புதிய வசதிகள் பல தானாகவே இயங்கிவிடுகின்றன. இஎக்ஸ்டி3 போதும் என்று இருந்தாலும் ஐநோட் அளவு 256 ஆகிவிடுகிறது. பழைய கிரப் (லினக்ஸை எழுப்பும் பூட் நிரல்) அதில் திணறும். ஃபார்மேட் செய்யும்போதே 128 என்று சொல்லிவிடுங்கள்.

4 டிபி டிஸ்க்கை எக்ஸ்பியில் டேட்டாவுக்கு மட்டும் மாட்டலாமா?

32 பிட் எக்ஸ்பிக்கு, எம்பிஆருக்குப் பின்னால் வந்த ஜிபிடி முறை தெரியாது. டிஸ்க் மேனேஜ்மென்டில் பாதுகாப்புப் பார்ட்டிஷன் என்று ஒன்றைக் காட்டிவிட்டு உள்ளே விடாது. 2 டிபியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

2011-க்குப் பிறகு வந்த டிஸ்க்கை எக்ஸ்பியில் போட்டேன். நகல் எடுப்பது ஆமை மாதிரி இருக்கிறது.

இந்த டிஸ்க்குகள் உள்ளே 4,096 பைட் செக்டரில் எழுதிவிட்டு, வெளியே 512 என்று பாவனை செய்கின்றன. 63 என்பது எட்டால் வகுபடாத எண். எக்ஸ்பி அங்கே தொடங்கினால் அதன் ஒவ்வொரு துண்டும் இரண்டு நிஜ செக்டர்களில் கால் வைத்து நிற்கும். எழுதும்போது படித்து, மாற்றி, திரும்ப எழுத வேண்டியிருக்கும். எக்ஸ்பிக்கு 2,048-இல் தொடங்கும் பார்ட்டிஷனில் குடியிருப்பதில் எந்த ஆட்சேபமும் இல்லை; தானாக அப்படிப் போடத்தான் தெரியாது. அதனால் ஜிபார்ட்டெட்டில் எம்பி எல்லையில் ஒரு பிரைமரி பார்ட்டிஷன் போட்டு வைத்துவிட்டு, எக்ஸ்பி நிறுவும்போது அதையே தேர்ந்தெடுங்கள். 98-க்குச் சிலிண்டர் என்று சொன்னேன், எக்ஸ்பிக்கு எம்பி என்கிறேன். முரண் போலத் தெரியும், ஓஎஸ் வேறு என்பதால் அப்படி. எஸ்எஸ்டி போட்டாலும் இதே விதிதான்.

டிஸ்க்குக்குப் பதில் சிஎஃப் (காம்பாக்ட் ஃப்ளாஷ்) மெமரி கார்டு போடலாம் என்கிறார்களே?

டாஸ் மெஷினுக்கு அருமையான மாற்று. சத்தம் இல்லை, சூடு இல்லை. ஐடிஇ அடாப்டர் விலையும் குறைவு. எக்ஸ்பியில் ஒரு தொல்லை: கார்டு தன்னைக் கழற்றக்கூடியது என்று சொல்லிக்கொண்டால், எக்ஸ்பி அதில் முதல் பார்ட்டிஷனை மட்டுமே காட்டும். நிலையான டிஸ்க்காகத் தன்னைக் காட்டும் கார்டைக் கேட்டு வாங்குங்கள்.

நேற்றுவரை ஓடிய மெஷின் இன்று ஓஎஸ் இல்லை என்கிறது. எந்த மென்பொருளையும் தொடவில்லை.

மணியைப் பாருங்கள். பயாஸில் தேதி பழைய வருடத்துக்குப் போயிருந்தால் பயாஸ் அமைப்பைக் காத்து வைக்கும் சிமாஸ் பேட்டரி தீர்ந்துவிட்டது. பெரும்பாலும் சிஆர் 2032, பக்கத்துக் கடையிலேயே கிடைக்கும்.

பேட்டரி போனால் மணி மட்டும் போகாது, டிஸ்க் அமைப்பும் போகும். பழைய அவார்டு பயாஸில் டிஸ்க் வரிக்கு நேராக நார்மல், எல்பிஏ, லார்ஜ் என்று மூன்று முறை இருக்கும். எல்பிஏவில் பிரித்த டிஸ்க்கை பயாஸ் நார்மல் என்று எடுத்துக்கொண்டால் சிலிண்டர் கணக்கே மாறிவிடும். டிஸ்க் குப்பையாகத் தெரியும். இந்த நிலையில் பதறிப்போய் ஃபார்மேட் செய்தவர்கள் இருக்கிறார்கள். பேட்டரியை மாற்றுங்கள், முறையை ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். அதுவரை டிஸ்க்கில் ஒரு பைட்கூட எழுத வேண்டாம். சரியான முறை கிடைத்ததும் அதை ஒரு காகிதத்தில் எழுதி கேபினெட்டுக்குள் ஒட்டிவிடுங்கள். நான் செல்லோடேப் போட்டு ஒட்டுகிறேன்.

ஆன் செய்ததும் ஓஎஸ்ஸுக்கு முன்னால் ஆன்ட்ராக் என்று ஏதோ வருகிறது. வைரஸா? அழித்துவிடலாமா?

வைரஸ் இல்லை. பெரிய டிஸ்க்கைப் புரிந்துகொள்ளாத பயாஸுக்கு மொழிபெயர்ப்பாளர் அது. டிஸ்க் மேனேஜர், ஈஸி டிரைவ் என்ற பெயர்களில் டிஸ்க்கோடு வந்த ஃப்ளாப்பிகளில் இருந்தது. டிஸ்க்கின் முதல் செக்டரில் உட்கார்ந்துகொண்டு, பயாஸ் கேட்பதை வழிமறித்து மாற்றிச் சொல்லும். அதைத் தாண்டாமல் ஃப்ளாப்பியிலிருந்து நேராக பூட் செய்தால் சி டிரைவ் கண்ணுக்கே தெரியாது. அழித்தால் பார்ட்டிஷன்களும் போகும். முதலில் டேட்டாவை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, பயாஸ் தானாகவே சமாளிக்கும் அளவில் புதிதாகப் பிரிப்பதே நல்லது.

பார்ட்டிஷன் அழிந்துபோனால் மீட்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். பார்ட்டிஷனை அழிப்பது அந்த 16 பைட்டை அழிப்பதுதான். வீட்டுப் பெயர்ப்பலகையைக் கழற்றினால் வீடு போய்விடாது. டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருள் டிஸ்க் முழுவதும் தேடி, எங்கெங்கே பார்ட்டிஷன் தொடங்கிய தடயம் இருக்கிறது என்று பட்டியல் போடும். அதற்கு டாஸ் பதிப்பும் உண்டு. பட்டியலில் ஒரு டிரைவைத் தேர்ந்தெடுத்து உள்ளே இருக்கும் கோப்புகளின் பெயர்களைப் பார்த்து உறுதி செய்த பிறகே எழுதச் சொல்லுங்கள்.

முன்னேற்பாடாக எம்பிஆரை நகல் எடுத்து வைப்பவர்கள் கவனிக்க: லாஜிக்கல் டிரைவ்களின் விவரம் முதல் செக்டரில் இருக்காது. அந்த 512 பைட்டை மட்டும் காப்பாற்றினால் டி, ஈ திரும்ப வராது.

பார்ட்டிஷனை நகர்த்தும்போது கரண்ட் போனால்?

கோடு மாற்றுவது நொடி வேலை. டேட்டாவை நகர்த்துவது பழைய ஐடிஇ டிஸ்க்கில் மணிக்கணக்கு. பாதியில் நின்றால் முன்பாதி புது இடத்திலும் பின்பாதி பழைய இடத்திலும் கிடக்கும். டெஸ்ட்டிஸ்க்கும் கை விரித்துவிடும். யூபிஎஸ் இல்லாமல் தொடாதீர்கள். லேப்டாப் பேட்டரி செத்திருந்தால் அதையும் யூபிஎஸ்ஸில் செருகுங்கள். அதைவிட நல்லது, குளோன்ஸில்லாவில் முழு டிஸ்க்கையும் இன்னொன்றுக்கு எடுத்துவிட்டு, காலி டிஸ்க்கில் புதிதாகக் கோடு போடுவது. நகர்த்துவதைவிட அது பல நேரம் சீக்கிரமாகவும் முடியும்.

இரண்டாவது டிஸ்க் போட்டதும் 98-இல் டி டிரைவ் ஈ ஆகிவிட்டது. பழைய கோப்புகள் எதையும் காணோம் என்கிறது பேஜ்மேக்கர்.

டாஸும் 98-ம் எழுத்து கொடுக்கும் வரிசை அப்படி. முதலில் ஒவ்வொரு டிஸ்க்கிலும் இருக்கும் பிரைமரி பார்ட்டிஷனுக்குக் கொடுக்கும். அதற்கப்புறம்தான் லாஜிக்கல் டிரைவ்கள். முதல் டிஸ்க்கில் சி பிரைமரி, டி லாஜிக்கல். புது டிஸ்க்கில் நீங்கள் ஒரு பிரைமரி போட்டதும் அது முந்திக்கொண்டு டி-யை எடுத்துக்கொண்டது. பழைய டி, ஈ ஆனது. சிடி டிரைவும் ஒரு எழுத்து தள்ளிப் போயிருக்கும். எக்ஸ்பியில் இது வராது. எந்த டிரைவுக்கு எந்த எழுத்து என்று அது ரெஜிஸ்ட்ரியில் குறித்து வைத்துக்கொள்ளும்.

அந்த அச்சகத்தில் இதுவும் நடந்தது. பத்து வருடப் பத்திரிகை அழைப்பிதழ்கள், ஒவ்வொன்றிலும் பிள்ளையார் படம் டி டிரைவிலிருந்து இணைக்கப்பட்டது. எதைத் திறந்தாலும் படம் எங்கே என்று கேட்கிறது. எல்லாவற்றையும் திரும்ப இணைப்பதா என்று அங்கே வேலை பார்க்கும் பையன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். புது டிஸ்க்கில் இன்னும் எதுவும் போடவில்லை என்பதால் எஃப்டிஸ்க்கில் அதன் பிரைமரியை அழித்து, முழு டிஸ்க்கையும் எக்ஸ்டெண்டட் ஆக்கி, உள்ளே ஒரே லாஜிக்கல் டிரைவாகப் போட்டோம். இரண்டாவது டிஸ்க்குக்குப் பிரைமரி இல்லாமலே எஃப்டிஸ்க் இதை அனுமதிக்கும். மறுபடி பூட் ஆனபோது புது டிஸ்க் ஈ என்று கடைசியில் போய் நின்றது, பிள்ளையார் டி-யிலேயே இருந்தார்.